ஹைப்பர்டூஃபா தொட்டி செய்கிறீர்களா? வெயிலில் வைக்காதீர்கள்

போன கிழமை பக்கத்து வளவுப் பெடியன் தான் செய்த தொட்டியைக் காட்டக் கூப்பிட்டான். "அன்ரி, பாருங்கோ, ரெண்டு நாளிலை காய்ஞ்சு வெள்ளையாகிட்டுது." விளிம்பை நகத்தால் சுரண்டினேன். விசுக்கோத்துத் தூள் மாதிரிக் கொட்டியது.

சீமெந்து, பேர்லைட் என்ற பாரமில்லாத வெள்ளைக் குறுணி, பீற்மொஸ் என்ற மக்கிய பாசி மூன்றையும் குழைத்து, நுண்துளையுள்ள டூஃபா கல்லைப் போலச் செய்வதுதான் ஹைப்பர்டூஃபா. நாங்கள் பீற்மொஸ்ஸுக்குப் பதிலாகத் தேங்காய்த் தும்புத்தூள் போடுகிறோம். கையுறை போடு, மூக்கை மூடு என்பதெல்லாம் சீமெந்துப் பையிலேயே இருக்கிறது. அதை விடுவோம். தொட்டியைக் கெடுக்கும் பிழைகளை மட்டும் பார்ப்போம்.

காயவைப்பது

என் முதல் பெரிய தொட்டி இரண்டடி நீளம். கால் பை சீமெந்து போனது. வைகாசி மாதம், சோளகம் அள்ளி வீசுகிற நேரம். அச்சிலிருந்து எடுத்த கையோடு கிணற்றுக் கட்டில் நல்ல வெயிலில் வைத்தேன். அடுத்த நாள் பார்க்கக் கல் மாதிரித்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து, மண் நிரப்பி, மச்சாளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். விறாந்தைப் படியில் ஏறும்போது நடுவால் இரண்டாகப் பிளந்தது. மச்சாளின் காலில் விழாதது அதிர்ஷ்டம்.

நான் என்ன செய்தேன்? கடைக்காரர் பழைய சீமெந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிவிட்டு, வேறு கடையில் புதுப் பை வாங்கினேன். அதே கிணற்றுக் கட்டு, அதே வெயில், அதே முடிவு. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வேதிமாற்றத்தால்தான் இறுகுகிறது. அந்தத் தண்ணீரை வெயிலும் காற்றும் முதல் நாளே குடித்துவிட்டால் மாற்றம் பாதியில் நின்றுபோகும். வீட்டுக்குக் கொங்கிரீட் பிளேட் போட்டால் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். பூச்சாடி என்று வந்தால் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறதோ!

அச்சில் இருக்கும்போதே பொலித்தீனால் இறுக்கி மூடுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாளில் நகம் பட்டால் கீறு விழும், ஆனால் அமுங்காது. அப்போது எடுத்து, கம்பித் தூரிகையால் மேற்பரப்பைக் கரடாக்குங்கள். அப்புறம் ஈரச் சாக்கால் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் மூடி, நிழலில் மூன்று நான்கு கிழமை. கொங்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளில் சோதிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அதுவரை தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். சாக்கு காயக்கூடாது, அவ்வளவுதான்.

தண்ணீரை ஊற்றிக் குழைப்பது

ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டை குலையாமல் நிற்க வேண்டும், இரண்டு மூன்று சொட்டு மட்டும் வடிய வேண்டும். வடை மா பதம் என்றால் அதிகம்.

தும்புத்தூளைக் கழுவாமல் போடுவது

உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கட்டியை உதிர்க்காமல் போட்டால் அந்த இடம் பிறகு ஓட்டையாகும்.

கடல் மணல்

வேண்டாம். அதிலும் உப்பு. உள்ளே கம்பி வலை வைத்திருந்தால் இன்னும் வேண்டாம், துருப்பிடிக்கும்.

வடிகால் துளையைப் பிறகு போடலாம் என்பது

போட மாட்டீர்கள். போட்டாலும் வெடிக்கலாம்.

உடனே செடி நடுவது

புதுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டிருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, அதுவும் உதவாது. என் அந்தூரியம் மஞ்சளாகிச் செத்ததற்கு இரண்டுமே காரணம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மூன்று கிழமை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிடுங்கள், அல்லது மாரி மழையில் அப்படியே போட்டுவிடுங்கள். முதலில் கள்ளி வகைகளை வைத்துப் பார்ப்பது நல்லது.

பெடியன் புதுசாக ஒன்று செய்து நேற்று அச்சிலிருந்து எடுத்திருக்கிறான். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். நிழலில்தான் வைத்திருந்தான், சாக்கும் சுற்றியிருந்தது. சாக்கு காய்ந்து மொறுமொறு என்று இருந்தது.