பொது விற்பனையா, மறுவிற்பனை டிக்கெட்டா?

பாலக்காடு, சித்தூர், வாளையார் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய இசை நிகழ்ச்சி என்றால் கோவை, இல்லையேல் கொச்சி. எங்கே நடந்தாலும் முதலில் பொது விற்பனைக்கே காத்திருங்கள்.

முந்தின நாளே டிக்கெட் விற்கும் ஆப்பில் கணக்குத் தொடங்கி, மொபைல் எண்ணை உறுதிசெய்து வையுங்கள். போனையோ சிம்மையோ மாற்றியிருந்தால் கவனம்: யுபிஐயில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. கார்டு ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். ஆன்லைன் வரிசையில் நின்றபின் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், இடம் பறிபோகலாம். 'தீர்ந்துவிட்டது' என்று காட்டினாலும் பத்து நிமிடம் பாருங்கள்; பணம் கட்டாமல் விட்டவர்களின் சீட்டுகள் திரும்பி வரும். கூட்டம் அதிகமானால் கூடுதல் நாளும் அறிவிப்பார்கள். பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளே 2025 ஜனவரியில் வந்தபோது மும்பையோடு அகமதாபாத்தும் சேர்ந்தது.

மறுவிற்பனையில் ஆபத்து கியூஆர் கோடில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை அதே ஆள் இன்னும் நான்கு பேருக்கு விற்றிருக்கலாம். வாசலில் முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார், மற்றவர்களுக்குச் சிவப்பு விளக்குதான். ஆகவே விற்பவர் ஆப்பிலேயே உங்கள் எண்ணுக்கு மாற்றித் தரட்டும். உங்கள் கணக்கில் டிக்கெட் தெரிந்தபிறகே பணம். அந்த வசதி இல்லாத டிக்கெட்டை அச்சிட்ட விலைக்குக்கூட வாங்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழியுண்டு.