அசியா ஜெபாரை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

எந்த எழுத்தாளரையும் முதல் நாவலில் தொடங்கி வரிசையாகப் படிப்பதுதான் பலருடைய வழக்கம். பிரெஞ்சில் எழுதிய அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபாரிடம் அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். 1957-இல் வந்த முதல் நாவலான ‘லா சுவாஃப்’ ஒரு வசதியான இளம்பெண்ணின் காதல் கதை, அதை மட்டும் படித்தால் இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றே புரியாது, அடுத்த புத்தகத்துக்குப் போகவும் தோன்றாது. 1985-இல் வந்த ‘லாமூர், லா ஃபாண்டாசியா’வில் ஆரம்பியுங்கள். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு டொரத்தி பிளேரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஃபாண்டேசியா’ என்ற பெயரில் கிடைக்கிறது.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அவருடைய வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். இயற்பெயர் ஃபாத்திமா ஸோரா இமலாயென். 1936-இல் அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸுக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் ஷெர்ஷெல் ஊரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர். கூட விளையாடிய பெண்களெல்லாம் பருவம் வந்ததும் வீட்டுக்குள் இருத்தப்பட, இவரை மட்டும் அப்பா தொடர்ந்து படிக்க அனுப்பினார். பாரிஸுக்கு அருகே செவ்ரில் இருந்த எக்கோல் நார்மால் கல்லூரிக்குள் 1955-இல் நுழைந்த முதல் அல்ஜீரியப் பெண் இவர்தான். அடுத்த வருடம், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, அல்ஜீரிய மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ய, இவரும் சேர்ந்து தேர்வு எழுதாமல் இருந்தார். அந்த நாட்களில் எழுதியதுதான் முதல் நாவல். வீட்டாருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று புனைபெயரில் வெளியிட்டார். நாடு எரியும்போது காதல் கதையா என்று சொந்த நாட்டிலேயே திட்டினார்கள்.

இப்போது ‘ஃபாண்டேசியா’வுக்கு வருவோம். ஒரு சிறுமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகப் பள்ளிக்கூடம் போகிறாள். இப்படித் தொடங்குகிற கதை, சில பக்கங்களிலேயே 1830 ஜூன் மாதத்து விடியலுக்குத் தாவி, அல்ஜியர்ஸ் நகரத்தின் முன்னால் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து நிற்பதைக் காட்டும். புத்தகத்தின் பெரும்பகுதி இப்படித்தான், ஒரு அத்தியாயம் சிறுமியின் வாழ்க்கை, அடுத்தது படையெடுப்பு வரலாறு. வரலாற்று அத்தியாயங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்று கை பரபரக்கும், தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரு துண்டுத்தாளில் மூன்றே மூன்று குறிப்புகளை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: 1830 நகரம் விழுந்தது, 1845 தாஹ்ரா குகைகள், 1954 முதல் 1962 வரை விடுதலைப் போர். குழம்பும்போது அதைப் பார்த்தால் போதும்.

அந்த 1845 அத்தியாயத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். ஊலெத் ரியா இனக்குழுவினர் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து பெண்கள், குழந்தைகள், ஆடுமாடுகளோடு குகைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். கர்னல் பெலிசியே குகை வாசலில் விறகைக் குவித்துத் தீ மூட்டச் சொல்கிறான். உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள். நடந்ததை அவன் ஒளிக்காமல் விரிவாக அறிக்கை எழுதி அனுப்ப, பாரிஸில் பெரிய கொந்தளிப்பு. இரண்டு மாதம் கழித்து சேன்ட் ஆர்னோ என்ற இன்னொரு அதிகாரி அதே மாதிரி ஒரு குகையை அடைத்து மூடிவிட்டு, மேலதிகாரிக்கு அனுப்பிய ரகசிய அறிக்கையையும் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தையும் தவிர வேறெங்கும் வாய் திறக்கவில்லை. ஜெபார் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெலிசியே எழுதி வைத்ததற்காக அவனுக்கு ஏறக்குறைய நன்றியே சொல்லுகிற இடம் வரும். கொன்றவன் எழுதிய அறிக்கையில்தான் செத்தவர்களின் கடைசித் தடம் இருக்கிறது என்கிற அந்த உண்மையை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. எனக்கு அவருடைய எழுத்திலேயே மிக முக்கியமான பக்கங்கள் இவைதான். பிரெஞ்சு மொழியோடு அவருக்கு இருந்த உறவு மொத்தமும் இங்கே தெரிகிறது.

மூன்றாம் பகுதியில் நடை மாறும். மலைக் கிராமத்துப் பெண்கள் போர்க் காலத்தைத் தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். வாய்விட்டுப் படியுங்கள், அப்போதுதான் அந்தக் குரல்கள் பிடிபடும். இவை வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1967-இல் நான்காவது நாவல் வந்த பிறகு பத்து வருடத்துக்கும் மேல் ஜெபார் நாவலோ சிறுகதையோ வெளியிடவில்லை. அந்த இடைவெளியில் கேமராவோடு தன் அம்மாவின் பூர்வீகமான ஷெனுவா மலைப்பக்கம் போய், அங்கே இருந்த பெண்களைப் பேசவிட்டுக் கேட்டார். அதிலிருந்து 1977-இல் ‘லா நூபா தே ஃபாம் து மோன் ஷெனுவா’ என்ற படம் வந்தது, 1979-இல் வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசும் வாங்கியது. எங்காவது திரையிட்டால் விடாதீர்கள். அந்தக் காதோடுதான் அவர் திரும்பவும் எழுத வந்தார், 1980 முதல் வந்த புத்தகங்கள் அவ்வளவு வேறுபட்டு இருப்பதற்கு இதுதான் காரணம் என்பேன்.

அடுத்து 1980-இல் வந்த சிறுகதைத் தொகுப்பு, ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’. அதற்கு முன் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1834-இல் வரைந்த அதே பெயருள்ள ஓவியத்தை போனில் தேடி நிதானமாகப் பாருங்கள், பின்னுரையில் அந்த ஓவியத்தைப் பற்றித்தான் பேசுகிறார். அப்புறம், குரல்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் 2002-இல் வந்த ‘லா ஃபாம் சான் செபுல்த்யூர்’, ஷெர்ஷெலில் போராளியாக இருந்து உடல்கூடக் கிடைக்காமல் போன ஸுலிகாவின் கதை. தாங்கிக்கொள்ளும் மனநிலை இருந்தால் ‘லெ பிளான் த லால்ஜெரி’, 90-களில் அல்ஜீரிய உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட தன் நண்பர்களைப் பற்றி எழுதியது. அதை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

2005-இல் பிரெஞ்சு மொழிக்கான உயர் மன்றமான பிரெஞ்சு அகாடெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், மக்ரெப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அங்கே போன முதல் எழுத்தாளர். 2006-இல் அந்த மன்றத்திலேயே நின்று காலனி ஆட்சியை ஒரு பெரும் காயம் என்று பேசினார். 2015-இல் இறந்து ஷெர்ஷெலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2007-இல் வந்த கடைசி நாவலான ‘நுல் பார் தான் லா மெஸோன் த மோன் பேர்’-இல் திரும்பவும் அப்பாவும் அந்த வீடும் வருகிறார்கள், அதை முடித்துவிட்டு ‘லா சுவாஃப்’பை எடுங்கள். இருபது வயதில் எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்தில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எவ்வளவு தைரியமாகப் பேசியிருக்கிறாள் என்பது அப்போது கண்ணில் படும்.