பிளைத்: பாராட்டா, திட்டா?

'பிளைத்' என்ற ஆங்கிலச் சொல்: பி, எல், ஐ, டி, எச், ஈ. அகராதியில் தேடினால் 'மகிழ்ச்சியான, கவலையற்ற' என்று போட்டிருக்கும். அதை நம்பி, வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எ பிளைத் பர்சன்' என்று எழுதியவன் நான். நேர்காணலில் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, "அப்போ பொறுப்பெல்லாம் எப்படி தம்பி?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் உச்சரிப்பு. கடைசியில் வரும் டி-எச் நமக்குச் சுலபம், 'பாதை' என்று சொல்லும்போது நடுவில் மெல்லிசாக ஒரு த வருகிறதே, அதேதான். 'பத்து'வில் வரும் அழுத்தமான த இல்லை.

சொல் ரொம்பப் பழையது. பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சி, கனிவு இரண்டையும் குறித்தது. பேரின்பம் என்ற பொருளில் வரும் 'பிளிஸ்' இதற்கு உடன்பிறப்பு. 1820-இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி ஒரு வானம்பாடியை 'பிளைத் ஸ்பிரிட்' என்று கூப்பிட்டபோது அதில் குத்தல் எதுவும் இல்லை, பறவையின் ஆனந்தத்தைத்தான் சொன்னார். (ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட் 1941-இல் எழுதிய 'பிளைத் ஸ்பிரிட்' நாடகத்தின் தலைப்பும் அங்கிருந்து எடுத்ததுதான், அதில் ஸ்பிரிட் நிஜமாகவே ஆவி!) கவிதையில் இந்தப் பழைய பொருள் இன்னும் செல்லும். ஆனால் இன்றைய செய்தி, கட்டுரை, அலுவலக மின்னஞ்சல் என்று எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் குறை சொல்லும் தொனியில்தான் வரும். பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள்: பிளைத் டிஸ்ரிகார்ட், பிளைத் இன்டிஃபரன்ஸ், பிளைத்லி அனவேர். எல்லாமே அலட்சியம், அறியாமை கோஷ்டி.

அப்போ எங்கே போடுவது? நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: கவலைப்பட வேண்டிய விஷயம் ஏதாவது அங்கே இருக்கிறதா? ஊஞ்சலில் ஆடும் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை, 'சியர்ஃபுல்' போதும். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இன்றைக்கு ராத்திரி முழுக்க கிரிக்கெட் பார்க்கிறவன் இருக்கிறானே, அவனுக்குத்தான் பிளைத்.

தமிழில் இதற்கு நேர் சொல் தேடி அலைய வேண்டாம், 'அவன் பாட்டுக்கு' என்று சொல்கிறோமே, அந்தப் 'பாட்டுக்கு' முக்கால்வாசி இடத்தில் பொருந்திவிடும். 'ஷி பிளைத்லி இக்னோர்டு த வார்னிங்' என்றால், எச்சரித்ததைக் காதில் வாங்காமல் அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். 'எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி' என்று மொழிபெயர்க்காதீர்கள், அது எதுவும் உறைக்காத மந்தம். பிளைத்தில் ஒரு குஷியான துள்ளல் இருக்கும், எரிச்சல் வருவதே அதனால்தான்.

இலக்கணத்தில் ஒன்று மட்டும் போதும். இதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வையுங்கள். 'ஹி இஸ் பிளைத்' என்று தனியாக நிறுத்தினால் தப்பில்லை, ஆனால் பழைய புத்தக வாசனை அடிக்கும். 'பிளைத்லி' என்ற வினையடை வடிவம்தான் பேச்சிலும் எழுத்திலும் சரளமாக வரும், அதிலிருந்து பழகுங்கள்.

பிறந்தநாள் வாழ்த்தில் போட வேண்டாம். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு விசிலடித்தபடி நடக்கிறவரைச் சொல்ல வேண்டுமா, அதற்கு 'ஜான்டி' என்று வேறு சொல் இருக்கிறது, அதைப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.