திரை கறுத்துப்போனால் உடனே மறுபடி நிறுவாதீர்கள்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்புகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறைய. அவர்களில் பலர் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் என்னிடம் பழுதுபார்க்க வரும் மெஷின்களில் பெரும்பாலானவை முதலில் வந்த கோளாறால் கெட்டவை அல்ல. கோளாறு வந்த பிறகு பதற்றத்தில் செய்ததால் கெட்டவை. திரையில் நாலு வரி ஆங்கிலம் வந்து நின்றதும் யுஎஸ்பியைச் செருகி, வட்டை அழித்து, மறுபடி நிறுவிவிடுகிறார்கள். பிள்ளைகளின் படங்களும் பள்ளிக் கணக்கும் அதோடு போய்விடுகின்றன.

நம் ஊருக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, அப்டேட் ஆகும்போது கரண்ட் போவது. 2023-இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) எவ்வளவு கடுமையாக இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இப்போது குறைந்திருந்தாலும், கேபிள் திருட்டு, தெருப் பெட்டிக் கோளாறு என்று ஏதோ ஒன்றால் திடீரென்று இருட்டாகிவிடுகிறது. பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் அந்த நேரம் பார்த்து அப்டேட் ஓடினால் என்ன ஆகும்? புதிய கெர்னல் கோப்பு, மெஷினைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் /பூட் அடைவுக்குள் வந்துவிடும். ஆனால் வட்டைக் கண்டுபிடித்துத் திறப்பதற்கு அந்தக் கெர்னலுக்குத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு அரைகுறையாக நிற்கும், அல்லது உருவாகியே இருக்காது. அடுத்த முறை ஆன் செய்தால் ‘கெர்னல் பேனிக்’ என்று தொடங்கி, ‘அன்னோன் பிளாக் (0,0)’ என்று முடியும் வரியோடு திரை உறைந்துவிடும்.

கோயில் அலுவலகக் கணினி ஒன்று இப்படித்தான் நின்றது. "தம்பி, பூசைப் பதிவு எல்லாம் போயிடுச்சா?" என்று அந்த அக்கா கேட்டார். "ஒண்ணும் போகலக்கா, எல்லாம் வட்டிலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆன் செய்தேன். எந்தக் கெர்னலில் திறப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனு வருவதற்கு, பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும், புதிய யுஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும் (பயாஸ், யுஇஎஃப்ஐ இரண்டும் ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்). அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் முந்தைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் மெஷின் வழக்கம்போல் திறந்துகொண்டது. அப்புறம் டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’வை முன்னால் சேர்த்து, இரண்டே வேலை. ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ பாதியில் நின்ற நிறுவலை முடித்துவைக்கும். ‘அப்டேட்-கிரப்’ மெனுவைப் புதிதாக எழுதும். இதற்கும் வழிக்கு வராவிட்டால், ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’ என்று கொடுத்து, புதிய கெர்னலின் பதிப்பு எண்ணையும் சேர்த்தால் விடுபட்ட கோப்பு உருவாகிவிடும்.

அந்தப் பழைய கெர்னல் இருந்ததால்தான் இவ்வளவு சுலபம். இடம் மிச்சமாகும் என்று இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கட்டளையால் பழைய கெர்னல்களை எல்லாம் துடைத்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. /பூட் நிரம்பிப்போவது நிஜமான தொல்லைதான், மறுக்கவில்லை. வட்டை என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தால் /பூட் சின்னத் தனிப் பகுதியாக இருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் ஒவ்வொன்றும் 100 எம்பி அளவுக்கு வளர்வதும் உண்டு. அதற்காகக் கோப்பு மேலாளரைத் திறந்து கையால் அழிக்காதீர்கள். அந்தக் கெர்னல் இன்னும் நிறுவப்பட்டிருக்கிறது என்றே மென்பொருள்களை நிறுவி நீக்கும் பேக்கேஜ் மேலாளர் நினைத்துக்கொண்டிருக்கும், அடுத்த அப்டேட்டில் சிக்கிக்கொள்ளும். ‘ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தொடாமல், தேவையற்றதை மட்டும் அது நீக்கும்.

கரண்ட் போய் வந்தபின் வேறொரு திரையும் வரலாம். அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று மட்டும் எழுதி, நீங்கள் ஏதாவது தட்டுவீர்கள் என்று காத்திருக்கும். அதற்குச் சற்று மேலே ‘எஃப்எஸ்சிகே-வைக் கையால் ஓட்டு’ என்று வட்டுப் பகுதியின் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் (எஃப்எஸ்சிகே என்பது கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை). அதைப் படிக்காமல் பவர் பட்டனை அழுத்துவதுதான் தவறு. எஃப்எஸ்சிகே என்று தட்டி, அங்கே காட்டிய பகுதியின் பெயரை அப்படியே கொடுங்கள், கேட்கும்போது ‘ஒய்’ அழுத்துங்கள், முடிந்ததும் ‘எக்ஸிட்’. மின்வெட்டே இல்லாமல் இது அடிக்கடி வந்தால் வட்டே சாகத் தொடங்கியிருக்கலாம். அப்போது எஃப்எஸ்சிகே-வை ஓட்டாமல், நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் திறந்து முதலில் தரவை வேறு வட்டுக்கு எடுங்கள்.

நிறுவும்போது நடக்கும் தவறுகளில் சில, இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸ் நிறுவியின் கோப்பு) முழுசாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்க்காததால் வருபவை. டேட்டா விலை விற்கும் விலையில் மறுபடி இறக்க யாருக்கும் மனம் வராது, புரிகிறது. ஆனால் கெட்டுப்போன கோப்போடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டுவதைவிட அது மேல்.

வட்டு நிறுவியின் பட்டியலிலேயே தெரியவில்லையா? வட்டு பழுது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பயாஸில் சேமிப்பு ‘இன்டெல் ஆர்எஸ்டி’ அல்லது ‘ரெய்டு’ முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள், விண்டோஸ் திறக்காது. முதலில் விண்டோஸ் வட்டை என்கிரிப்ட் செய்யும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதிவையுங்கள். பிறகு விண்டோஸைச் சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை திறந்துவிட்டால், அந்த அமைப்பை எடுத்துவிடலாம்.

கையொப்பமில்லாத மென்பொருள் தொடக்கத்தில் ஓடாமல் தடுக்கும் செக்யூர் பூட் ஆன் ஆக இருந்து, என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரையும் சேர்த்து நிறுவினால், நிறுவி ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்டால், முதல் ரீஸ்டார்ட்டில் டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியும் ‘மாக்’ மெனு நீலத் திரையில் வரும். அது சில விநாடிகள்தான் காத்திருக்கும். அவசரத்தில் ‘கன்டினியூ பூட்’ கொடுத்துவிட்டால் டிரைவர் ஏறாது, திரையின் தெளிவுத்திறன் படுமோசமாக நிற்கும். ‘என்ரோல் மாக்’ தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டவர்கள் ‘மாக்யூட்டில் --இம்போர்ட்’ மூலம் அதே சாவியை மறுபடி பதியச் சொல்லலாம்.

திரை முழுக் கறுப்பாகவே இருந்தால், கிரப்பில் ‘ஈ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து எஃப்10 தட்டிப் பாருங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும். உள்ளே போய்ச் சரியான டிரைவரை நிறுவாமல், இதையே நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு மெஷின் மந்தமாக இருக்கிறது என்று லினக்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

யாரிடமாவது உதவி கேட்கும் முன் அதே வரியில் ‘கொயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரண்டு சொற்களை நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். லோகோவுக்குப் பின்னால் மறைந்திருந்த செய்திகள் எல்லாம் ஓடும். பழைய கெர்னலில் திறக்க முடிந்தால், ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ முந்தைய முயற்சியில் கெர்னல் சொன்னதைக் காட்டும். வட்டு மவுன்ட் ஆகும் முன்பே மெஷின் நின்றுபோயிருந்தால் அந்த முயற்சியைப் பற்றிப் பதிவில் எதுவும் இருக்காது. அதனால் கடைசி இருபது வரியாவது தெரியும்படி திரையைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள். ‘லினக்ஸ் வரல’ என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவரும் மறுபடி நிறுவத்தான் சொல்வார்.