வளையத்தில் 11, ஃபிலிமில் 22: டெலிகன்வெர்ட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு நிலாவை எடுக்க ஒரு பழைய கணக்கு உண்டு: ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/11, ஷட்டர் 1/125. கேமராவின் ஒளி மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். சுற்றியுள்ள கருப்பு வானத்தைப் பார்த்து அது எப்படியும் குழம்பிவிடும். அந்தக் கணக்கை நம்பி, நிக்கான் எஃப்எம்2-வில் 200 மி.மீ. எஃப்/4 லென்ஸையும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில், உருவத்தை இரண்டு மடங்காக்கும் ஒரு 2எக்ஸ் டெலிகன்வெர்ட்டரையும் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் பாதி ரோலைத் தீர்த்தேன். பிரின்ட் வந்தபோது நிலா இருந்தது, தேய்ந்துபோன நாலணா மாதிரி. வெளிச்சம் சரியாக இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி).

லென்ஸின் அப்பெர்ச்சர் வளையத்தில் 11 வைத்ததுதான் தப்பு. கன்வெர்ட்டர் மாட்டியதும் 200 மி.மீ. 400 ஆகிவிடுகிறது, ஆனால் அப்பெர்ச்சர் துளை அதே அளவில்தான் இருக்கிறது. எஃப் எண் என்பது ஃபோகல் நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. நீளம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு. நான் 11 என்று வைத்தது ஃபிலிமுக்கு 22. நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்தது வளையத்துக்குத் தெரியாது, நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2எக்ஸ் என்றால் இரண்டு ஸ்டாப், 1.4எக்ஸ் என்றால் ஒன்று. நிலாவுக்கு நான் வளையத்தை 5.6-ல் வைத்திருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. கன்வெர்ட்டர் விழுங்கியது போக மிச்சம்தான் அதற்குக் கிடைக்கிறது. அதற்கு மேல் நீங்களாக இரண்டு ஸ்டாப் கூட்டினால் படம் வெளுத்துவிடும். கூட்ட வேண்டியது கையில் பிடிக்கும் தனி மீட்டருக்கும், தன் சென்சாரை வைத்தே வெளிச்சத்தை அளக்கும் பழைய ஆட்டோ ஃபிளாஷுக்கும்தான்.

ரோல்களை அதிகம் வீணாக்குவது என்னவோ கை ஆட்டம்தான். மேகமூட்டமான ஒரு காலை, ஐஎஸ்ஓ 100 ஃபிலிம். 200 மி.மீ. லென்ஸில் எஃப்/4-க்கு மீட்டர் 1/250 காட்டுகிறது என்று வையுங்கள். கையில் பிடித்தே எடுத்துவிடலாம். 2எக்ஸ் மாட்டியதும் அது 1/60-க்கு இறங்கிவிடும். ஃபோகல் நீளம் இரட்டித்தால் கை ஆட்டமும் இரட்டிப்பாகத் தெரியும், அதனால் 400 மி.மீ.க்குக் கையில் பிடிக்க வேண்டியதோ 1/500. இழந்தது இரண்டு ஸ்டாப், தேவை ஒரு ஸ்டாப் கூடிவிட்டது, ஆக மொத்தம் மூன்று ஸ்டாப் பள்ளம். டிஜிட்டலில் ஐஎஸ்ஓவை ஏற்றி சமாளிக்கலாம். இங்கே ரோல் போடும்போதே முடிவு செய்தாக வேண்டும். கன்வெர்ட்டர் பையில் இருக்கிற நாளில் நான் ஐஎஸ்ஓ 400-க்குக் குறைந்த ஃபிலிம் போடுவதில்லை.

முக்காலி இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. படம் எடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி எழும்பும் அதிர்ச்சியும் இரண்டு மடங்காகத் தெரியும். எஃப்எம்2-வில் தனியாக மிரர் லாக் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி) இல்லை. ஆனால் செல்ஃப் டைமரைத் தட்டினால் கண்ணாடி முதலிலேயே எழும்பிவிடும், ஷட்டர் அப்புறம்தான் திறக்கும். நிலா மாதிரி ஓடாத பொருளுக்கு இது போதும். பறவைக்கு வேண்டாம், பத்து நொடியில் அது பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்.

ஃபோகஸ் பார்க்க வியூஃபைண்டர் நடுவில் இரண்டாகப் பிளந்து தெரியும் வட்டம் இருக்கிறதே, எஃப்/4 லென்ஸில் 2எக்ஸ் போட்டதும் கிடைக்கும் எஃப்/8 வெளிச்சத்தில் அதில் ஒரு பாதி கருத்துவிடும். கன்வெர்ட்டர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. வட்டத்தை மறந்துவிட்டு, சுற்றியிருக்கும் மேட் பகுதியில் ஃபோகஸ் செய்யுங்கள். ஆட்டோ ஃபோகஸ்காரர்களுக்கு வேறு சிக்கல். கேனான் இஓஎஸ் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவை எஃப்/5.6 வரைதான் ஃபோகஸ் செய்யும். இஓஎஸ்-3, இஓஎஸ்-1வி இரண்டும் நடுப்புள்ளியில் மட்டும் எஃப்/8 வரை போகும். 300 மி.மீ.யில் எஃப்/5.6 ஆகிவிடும் ஜூம் லென்ஸில் 2எக்ஸ் போட்டால் எஃப்/11. அதில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பணத்துக்கே வேட்டு வைக்கும் தவறு ஒன்று இருக்கிறது. மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) ஒன்றுதானே என்று எந்த லென்ஸிலும் எந்தக் கன்வெர்ட்டரையும் திருகுவது. நிக்கானின் டிசி-301, கேனானின் இஎஃப் எக்ஸ்டெண்டர்கள் போன்ற கன்வெர்ட்டர்களில் முன்பக்கக் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஆழமான குழி உள்ள பெரிய லென்ஸ்களுக்காகச் செய்தவை அவை. சாதாரண லென்ஸில் நுழைத்தால் கண்ணாடியும் கண்ணாடியும் முட்டும். 200 மி.மீ. வரையிலான நிக்கான் லென்ஸ்களுக்கு டிசி-201 என்று தனியாகவே உண்டு. கேனானின் பழைய எஃப்டி லென்ஸ்களில் 300 மி.மீ.க்கும் அதற்கு மேலும் 2எக்ஸ்-ஏ, கீழே 2எக்ஸ்-பி. வாங்கும் முன் லென்ஸின் பின்பக்கத்தையும் கன்வெர்ட்டரின் முன்பக்கத்தையும் எதிரெதிரே பிடித்துப் பாருங்கள். திருகும்போது இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். ஏஐ-க்கு (துளை அளவை மீட்டருக்குத் தானாகத் தெரிவிக்கும் நிக்கான் இணைப்பு முறை) முந்தைய நிக்கான் லென்ஸ் என்றால் திருகவே வேண்டாம், மீட்டருக்கான இணைப்பு உடையலாம்.

நல்ல ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுக்குத்தான் கன்வெர்ட்டர். மங்கலான லென்ஸில் போட்டால் மங்கலும் பெரிதாகும், அவ்வளவுதான். முழுத் துளையிலிருந்து ஒரு ஸ்டாப் மூடினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒரு ஆறுதல், லென்ஸ் எவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யுமோ அந்தத் தூரம் மாறாது. என் 200 மி.மீ. 2 மீட்டர் வரை வரும். கன்வெர்ட்டரோடும் அதே 2 மீட்டர், உருவம் மட்டும் இரண்டு மடங்கு. ஓணான், தும்பிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

நிலாவில் மட்டும் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 400 மி.மீ.யில் ஃபிலிமில் விழும் நிலாவின் விட்டம் சுமார் 3.6 மி.மீ., சட்டத்தின் உயரமோ 24. போதவில்லையே என்று ஒருமுறை இரண்டு 2எக்ஸ்களை அடுக்கிப் பார்த்தேன். 800 மி.மீ., எஃப்/16. வியூஃபைண்டருக்குள் நிலாவைத் தேடவே ஐந்து நிமிடம் ஆயிற்று, ஃபோகஸ் ஆகிவிட்டதா என்று கடைசி வரை தெரியவில்லை. இப்போதெல்லாம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, பிரின்ட் போடும்போது பெரிதாக்கிக்கொள்கிறேன்.