ஓ பேர் வருமுன்பே வீட்டு வேலைகளை வரையறுத்துக்கொள்வது எப்படி?

அமெரிக்காவில் ஜே-1 விசாவில் வந்து, நம் வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓ பேர் (au pair), வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர்; பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் வரும், 18 முதல் 26 வயதுக்குட்பட்ட இளையவர். நாளொன்றுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்பதே அந்நாட்டு வெளியுறவுத் துறை விதித்துள்ள உச்ச வரம்பு. பிள்ளைகளைச் சார்ந்த வேலைகளை மட்டுமே அவரிடம் எதிர்பார்க்கலாம் என்பதால், பிள்ளைகளின் வேலை எது, வீட்டின் வேலை எது என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரே கேள்விதான்: வீட்டில் பிள்ளைகளே இல்லையென்றால் இந்த வேலை இருக்குமா? பிள்ளைகளின் துணியைத் துவைத்து மடிப்பது, அவர்களுக்குச் சிற்றுண்டி செய்வது, விளையாட்டுப் பொருள்களை எடுத்துவைப்பது ஆகியவை இருக்கமாட்டா, எனவே கேட்கலாம். பெற்றோரின் படுக்கையறையைப் பெருக்குவது, விருந்தாளிகள் போன பிறகு குவிந்திருக்கும் பாத்திரங்களைத் தேய்ப்பது, வாரத்துக்கான இட்லி மாவை அரைப்பது ஆகியவை அப்போதும் இருக்கும். எனவே கேட்கக் கூடாது.

பிரித்தவற்றை எழுதும்போது சொற்கள் துல்லியமாக இருக்கட்டும். "சமையலறையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்" என்று எழுதினால், நாம் நினைக்கும் சுத்தம் ஒன்றாகவும் அவர் நினைப்பது வேறாகவும் இருக்கும். அதைவிட, "பள்ளியிலிருந்து வந்ததும் பையிலுள்ள சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மிச்சத்தைக் கொட்டி, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். அந்த வளையத்தடியில் தயிர்சாதம் ஒட்டிக்கொண்டு மறுநாள் நாறும் என்பது, பிரேசிலிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ வந்திருக்கும் ஒருவருக்குச் சொன்னால்தானே தெரியும்? முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு வேலையையும் அவரோடு சேர்ந்தே செய்து காட்டுங்கள்.

பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது துணி மடித்தாலும் அந்த நேரம் 45 மணி நேரத்தில் சேரும். கூடுதல் பணம் கொடுத்தாலும் வரம்பைத் தாண்டக் கூடாது. மாசசூசெட்ஸில் ஓ பேருக்கும் மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், அங்கே மணிக் கணக்கை நாள்தோறும் குறித்துவைப்பது இரு தரப்புக்குமே பாதுகாப்பு. தம் அறையைத் துப்புரவாக வைத்துக்கொள்வதும், சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும் இந்தக் கணக்கில் வாரா. அவை வீட்டிலுள்ள எல்லோரும் செய்வன.

நம் வீடுகளில் இங்கேதான் சறுக்கல் நேர்கிறது. "நம் வீட்டுப் பெண் மாதிரி" என்று மனதார நினைத்தே, கூடமாட ஒத்தாசையாக அதையும் இதையும் செய்யச் சொல்லிவிடுகிறோம். புதிய ஊரில், நம் கூரையின் கீழ் இருப்பவரால் அதை மறுக்க முடிவதில்லை. வாரத்தில் ஒன்றரை நாளும், மாதத்தில் ஒரு வார இறுதி முழுவதும் அவருக்குரிய ஓய்வு. அந்நேரத்தில் அவர் கூடத்தில் அமர்ந்திருந்தாலும் பிள்ளையை அவர் மடியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

இந்தப் பட்டியலை, அவரைத் தேர்ந்தெடுக்கும் முன் நடக்கும் காணொளி உரையாடலிலேயே வாசித்துக் காட்டுங்கள். அவர் புறப்படும் முன் இருவரும் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தோடு இதையும் இணைத்துவிடலாம். பிறகு பள்ளி விடுமுறை தொடங்கினாலோ, இன்னொரு குழந்தை பிறந்தாலோ, வாய்வார்த்தையாக வேலைகளைக் கூட்டாமல், அவரோடு உட்கார்ந்து பேசிப் புதிய தாளில் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.