லைசோசைம் போட்டும் பாக்டீரியா உடையவில்லையா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவின் சுவரை வெட்டும் நொதியான லைசோசைமைப் போட்டும் செல் உடையவில்லை என்றால் உடனே நொதி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நொதி நன்றாகத்தான் இருக்கும், அது வெட்ட வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

லைசோசைம் வெட்டுவது பாக்டீரியா சுவரின் பொருளான பெப்டிடோகிளைக்கானில் மாறி மாறி வரும் இரண்டு சர்க்கரைகளுக்கு இடையிலுள்ள பிணைப்பை. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவில் இந்தச் சுவர் வெளியே தெரியும்படி இருக்கிறது, நேராகப் போய்க் கடித்துவிடும். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகையில் சுவருக்கு மேலே இன்னொரு சவ்வு போர்வை மாதிரி மூடியிருக்கும். அந்தப் போர்வையை இறுக்கிப் பிடித்திருப்பவை மக்னீசியமும் கால்சியமும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருளான இ.டி.டி.ஏ. (EDTA) அவற்றைப் பிடுங்கிக்கொள்வதால்தான் வழி திறக்கிறது.

சரி, ஈ.கோலைக்குச் செய்முறை. பெல்லட்டை, அதாவது சுழற்றி அடியில் படிய வைத்த செல்களை, எடை போட்டு, ஒரு கிராமுக்கு 3 மி.லி. பஃபர் என்ற பி.எச். மாறாமல் காக்கும் கரைசலை (டிரிஸ் 50 மில்லிமோலார், பி.எச். 8.0, உப்பு 100 மில்லிமோலார், இ.டி.டி.ஏ. 1 மில்லிமோலார்) ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கட்டி இருந்தால் அதன் நடுவில் இருக்கும் செல்களுக்கு நொதி போகவே போகாது, அதனால் இந்த இடத்தில் பொறுமை வேண்டும். லைசோசைமை 10 மி.கி./மி.லி. அளவில் அன்றன்றைக்குக் கரைத்து, ஒன்பது பங்கு கலவைக்கு ஒரு பங்கு சேர்த்து ஐஸில் 30 நிமிடம் வையுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வைத்து வேகமாகக் குலுக்க வேண்டாம், நுரைக்கும். பி.எச். 8-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வதும் நல்லது.

சுவர் போனாலும் உள்சவ்வு இன்னும் இருக்கிறது. அதற்கு 0.1% டிரைட்டான் என்ற சோப்பு மாதிரியான பொருள், இல்லையென்றால் உறைய வைத்து உருக்குவதை இரண்டு மூன்று முறை செய்யலாம்.

உடைந்ததா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. பால் மாதிரி இருந்த கலவை வெளிச்சம் ஊடுருவும்படி ஓரளவு தெளியும், பிப்பெட் முனையைத் தூக்கினால் மூக்குச் சளி மாதிரி ஒரு நூல் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அந்த நூல் டி.என்.ஏ. அருவருப்பாக இருந்தாலும் எனக்கு அதைப் பார்த்தால்தான் நிம்மதி. அப்புறம் டி.என்.ஏ.வை வெட்டும் நொதியான டி.என்.ஏஸ் போட்டு அதைத் தண்ணீராக்க வேண்டும். டி.என்.ஏஸுக்கு மக்னீசியம் தேவை, இ.டி.டி.ஏ. அதைத்தான் பிடுங்கும், எனவே மக்னீசியம் குளோரைடை 10 மில்லிமோலார் வரும்படி கூடுதலாகவே சேருங்கள்.

நிக்கல் ஏற்றிய ரெசின் மணிகள் உள்ள குழாயில் (நிக்கல் காலம்) புரதத்தைப் பிடித்துப் பிரிக்கப் போகிறவர்கள் இ.டி.டி.ஏ. பக்கமே போகாதீர்கள், டிரைட்டானும் உறைய வைத்து உருக்குவதும் போதும். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் போட்டுவிட்டு, இளநீலமாக இருந்த ரெசின் என் கண்ணெதிரே வெள்ளையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிக்கல் மொத்தமும் வடிந்துபோய்விட்டது, கூடவே என் புரதமும்.

ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு கதை. அது சுவர்ச் சர்க்கரையில் அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதியை ஒட்டிவைத்திருப்பதால் லைசோசைமை எவ்வளவு கொட்டினாலும் அசையாது. அதற்கு லைசோஸ்டாஃபின் என்ற இன்னொரு நொதிதான், அது சர்க்கரையை விட்டுவிட்டு ஐந்து கிளைசின் கொண்ட பாலத்தை வெட்டும். அது துத்தநாகத்தை நம்பி வேலை செய்யும் நொதி, அதிலும் இ.டி.டி.ஏ. கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோபேசிலஸ் வகைகளுக்கு மியூட்டனோலைசின் என்ற நொதி நன்றாகக் கேட்கும். மைக்கோபிளாஸ்மாவுக்கு இதெல்லாம் வீண், அதற்குச் சுவரே கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் நொதி மேல்தான் சந்தேகம் என்றால் மைக்ரோகாக்கஸில் சோதித்துவிடுங்கள். 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் லைசோசைமைப் பற்றி எழுதியபோது, மூக்குச் சளி பட்டதும் கரைந்தது இந்தப் பாக்டீரியாதான். கலங்கலான மைக்ரோகாக்கஸ் கலவையில் துளி நொதி விட்டு 450 நானோமீட்டர் ஒளியில் கலங்கலின் அளவு நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் நொதி மேல் பழியில்லை, பஃபரைப் பாருங்கள்.

கடைசியாகப் புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டும்போது 14 கிலோடால்டன் பக்கத்தில் தடியாக ஒரு பட்டை தெரியும், புதிதாக ஏதோ கிடைத்துவிட்டது என்று கைடிடம் ஓடாதீர்கள். நீங்களே போட்ட லைசோசைம்தான் அது.